பி.ஏ. எக்கனாமிக்ஸ் படித்து என்ன ஆகப் போகிறது?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு தம்பி போன் பண்ணினான். "டீச்சர், பாப்பா பிளஸ் டூவில நல்ல மார்க் எடுத்திருக்கா. ஆனா பி.ஏ. எக்கனாமிக்ஸ்தான் படிப்பேன்னு ஒத்தைக் கால்ல நிக்கா. அதைப் படிச்சு என்ன ஆகப் போகுது? நீங்க கொஞ்சம் புத்தி சொல்லுங்க" என்றான். சரி, கூட்டிக்கொண்டு வா என்றேன்.

இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. என் அண்ணன் பொருளாதாரம் படித்த காலத்திலேயே, "எதுவும் கிடைக்காதவன் எடுக்கிற பாடம்" என்று சொந்தக்காரர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவன் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு நானும் அதையே படிக்க ஆசைப்பட்டேன். பெண்பிள்ளைக்கு டீச்சர் டிரெயினிங் போதும் என்று வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. உங்களையெல்லாம் பெற்றது அதனால்தானே. ஆனால் அந்தப் பாடத்தின் மீதான ஆசை போகவில்லை. ஓய்வு பெற்ற பிறகு உட்கார்ந்து அதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அந்தப் பிள்ளைக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஆதம் ஸ்மித் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1776-ல் 'நாடுகளின் செல்வம்' என்ற பெரிய நூலை எழுதியவர். ஆனால் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் அவர் பேராசிரியராக இருந்தது ஒழுக்கவியலுக்கு. அப்போது பொருளாதாரம் தனிப் பாடமாகவே இல்லை.

இங்கிலாந்தில் இந்தப் பாடத்துக்கென்று முதன்முதலில் ஒரு பேராசிரியரை வைத்தது ஆக்ஸ்ஃபோர்டும் அல்ல, கேம்பிரிட்ஜும் அல்ல. நம்மை ஆண்ட கிழக்கிந்தியக் கம்பெனி! இந்தியாவுக்கு அனுப்பும் அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்க அது தொடங்கிய கல்லூரி பின்னர் ஹெய்லிபரி என்ற இடத்தில் நிலைத்தது. அங்கே 1805-ல் நியமிக்கப்பட்டவர் மால்தஸ். மக்கள்தொகை பற்றி எழுதினாரே, அவரேதான். 1834-ல் இறக்கும்வரை அங்கேதான் பாடம் நடத்தினார். அவர் வகுப்பில் ஸ்மித்தின் நூல்தான் பாடப்புத்தகம்.

அந்த வகுப்பில் உட்கார்ந்தவர்கள் யார்? பதினாறு, பதினேழு வயது வெள்ளைக்காரப் பையன்கள். படித்து முடித்துக் கப்பலேறி வந்து, இங்கே தமிழோ தெலுங்கோ கற்றுக்கொண்டு, நம் ஊர்களில் நிலத்தீர்வை வசூலிக்கும் வேலையில் அமர்ந்தவர்கள் அவர்களில் பலர். நிலத்தின் வாரம் எப்படி உண்டாகிறது, வரி எவ்வளவு போடலாம் என்பதெல்லாம் அவர்களுக்குப் பரீட்சைக்கான கேள்வி மட்டுமல்ல, நாளைக்குச் செய்யப்போகும் உத்தியோகம். ஆக, நம்மோடு சம்பந்தப்பட்ட முதல் பொருளாதார வகுப்பில் பாடம் கேட்டவர்கள் வரி வாங்கப் போகிறவர்கள். வரி கொடுத்த நம் பாட்டன் பூட்டன் அந்தக் கணக்கில் ஒரு எண் மட்டுமே.

கேம்பிரிட்ஜில் ஆல்ஃபிரட் மார்ஷல் பல வருடம் போராடி 1903-ல்தான் பொருளாதாரத்தைத் தனிப் பட்டப்படிப்பு ஆக்கினார். அதற்கு முன் அது தத்துவத்தோடும் வரலாற்றோடும் ஒட்டிக்கொண்டிருந்த துணைப் பாடம்.

இனி நம் ஊருக்கு வருவோம். சென்னைப் பல்கலைக்கழகம் இந்தியப் பொருளாதாரத்துக்கு ஒரு பேராசிரியர் பதவியை உண்டாக்கியது. அதில் முதல் ஆளாக 1915 டிசம்பரில் வந்து சேர்ந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். ஆக்ஸ்ஃபோர்டில் தொழிலாளிகள் படிப்பதற்கென்று இருந்த ரஸ்கின் கல்லூரியில் முதல்வராக இருந்தவர். இங்கிலாந்தில் பொது நிலங்களை வேலி போட்டு வளைத்ததால் ஏழைக் குடியானவர்கள் என்ன ஆனார்கள் என்று நூல் எழுதியவர். அதனால் கிராமம் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும்.

அவர் மாணவர்களுக்கு ஒரு கேள்வித்தாள் கொடுத்தார். பரீட்சைக் கேள்வித்தாள் இல்லை. அதை எடுத்துக்கொண்டு அவரவர் சொந்த ஊருக்குப் போக வேண்டும். எத்தனை வீடு, யாருக்கு எவ்வளவு நிலம், என்ன பயிர், கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, கைத்தொழில் என்ன, இப்படி விசாரித்து எழுதி வர வேண்டும். அந்தப் பையன்கள் எழுதி வந்ததையெல்லாம் சேர்த்து 1918-ல் 'சில தென்னிந்தியக் கிராமங்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத்தில் புத்தகமாகப் போட்டார்.

அதில் வரும் தமிழ்க் கிராமங்கள் எவை தெரியுமா? சிவகாசிப் பக்கத்து வடமலாபுரம், பழைய தஞ்சை மாவட்டத்துப் பாலக்குறிச்சி, காஞ்சிபுரத்தை அடுத்த தூசி, விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டு. அப்புறம் நம்ம கங்கைகொண்டான்! ஆமாம், மதுரை ரோட்டில் போகும்போது சிப்காட் வருமே, அதே கங்கைகொண்டான்தான். இத்தனை வருடம் அந்த வழியாகப் பஸ்ஸில் போய் வந்திருக்கிறேன். உலகப் பொருளாதார நூல்களில் இடம்பெற்ற ஊர் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

இருவேல்பட்டுக் கட்டுரையைப் படித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். படியாள் முறையைப் பற்றி அதில் வருகிறது. கல்யாணத்துக்காக ஒரு சிறு தொகையைக் கடன் வாங்குகிறான் ஒரு கூலிக்காரன். அந்தக் கடன் தீர்வதே இல்லை. அப்பனிடமிருந்து மகனுக்கு இறங்குகிறது. முதலாளி நிலத்தை விற்றால் நிலத்தோடு ஆளும் கைமாறுகிறான். சர்க்கார் தீர்வைக் கணக்கைப் பார்த்தால் அந்த ஊரில் எத்தனை ஏக்கர், எவ்வளவு வரி என்று தெரிந்திருக்கும். இந்த மனிதன் தெரிந்திருக்க மாட்டான். ஒரு மாணவன் போய்க் கேட்டதால்தான் அவன் புத்தகத்துக்குள் வந்தான்.

அதோடு நின்றுவிடவில்லை. 1936-37-ல் பேராசிரியர் பி.ஜே. தாமஸ் காலத்தில் அதே ஊர்களுக்கு மறுபடி போய் ஆய்வு செய்தார்கள். தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதை 1940-ல் நூலாக்கினார்கள். பிறகு 1980-களிலும், 2008-லும் இருவேல்பட்டுக்கு ஆய்வாளர்கள் போனார்கள். கூலிக்காரர்களுக்கு ஊருக்கு வெளியே வேலை கிடைத்தது, பெரிய நிலக்காரர்களின் பிடி தளர்ந்தது என்பதெல்லாம் பதிவாகியிருக்கிறது. ஒரே ஊரைத் தொண்ணூறு வருடம் தொடர்ந்து பார்ப்பது உலகத்திலேயே அபூர்வம். விதை போட்டது 1916-ல் கேள்வித்தாளோடு ஊருக்குப் போன கல்லூரிப் பையன்கள்.

தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பாவும் இதைத்தான் செய்தார். அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பியவர், குஜராத் வித்யாபீட மாணவர்களைக் கூட்டிக்கொண்டு மாத்தர் தாலுகாவில் ஊர் ஊராகப் போய் விசாரித்தார். 1931-ல் அது நூலாக வந்தது.

இன்னொரு திருப்பமும் உண்டு. 1960-ல் கோவை அரசு கலைக் கல்லூரியில் தமிழ் வழியில் பி.ஏ. தொடங்கினார்கள். அதன் பிறகு பொருளாதாரமும் தமிழில் வந்தது. விவசாயி வீட்டுப் பிள்ளை, நெசவாளர் வீட்டுப் பிள்ளை, வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளை, எல்லோரும் அதைப் படித்தார்கள். வேடிக்கை என்ன தெரியுமா? அவர்கள் படிக்க வந்த பிறகுதான் அது "எதுவும் கிடைக்காதவன் படிப்பு" ஆனது. வெள்ளைக்கார அதிகாரி படித்தவரை அது ஆளுகிறவர்களின் கல்வி. நம் வீட்டுப் பிள்ளை படித்ததும் மட்டம். என் அண்ணன் கேட்ட பேச்சுக்கெல்லாம் காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

இதையெல்லாம் அந்தப் பிள்ளையிடம் சொன்னேன். கஷ்டத்தையும் மறைக்கவில்லை. வெறும் பி.ஏ. மட்டும் போதாது. எம்.ஏ. படித்தால்தான் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வு எழுத முடியும். கணக்கும் புள்ளியியலும் இல்லாமல் மேலே போக முடியாது, கணக்கைக் கண்டு பயந்து இங்கே வராதே என்றேன். "கணக்கு எனக்குப் பிடிக்கும் டீச்சராச்சி" என்றாள். பிறகு அவளாகவே கேட்டாள்: "எங்க தெருவுல பாதி வீட்ல மகளிர் குழுக் கடன் இருக்கு. ஒண்ணை அடைக்க இன்னொண்ணு வாங்குறாங்க. அதை நான் விசாரிச்சு எழுதலாமா?"

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் வீட்டிலும் அந்தக் கடன் இருக்கும் போலிருக்கிறது. "பிள்ளை இஷ்டத்துக்கு விடுப்பா" என்றேன். போன திங்கட்கிழமை விண்ணப்பம் போட்டுவிட்டார்களாம்.

உங்களில் பொருளாதாரம் படித்தவர்கள் எத்தனை பேர், இப்போது என்ன செய்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். அந்தப் பிள்ளைக்குக் காட்ட வேண்டும். நான் எழுதியதில் பிழை இருந்தால் தயங்காமல் திருத்துங்கள். டீச்சர் கோபித்துக்கொள்ள மாட்டேன்.