"தண்ணி குடிச்சிட்டு வாங்க": ஒரு ஸ்கேனின் வரலாறு



எங்களோடு படிப்பிக்கும் ஆசிரியை ஒருவரின் தங்கை போன மாதம் மயங்கி விழுந்தார். மூன்று நாளாக அடிவயிற்றில் ஒரு பக்கம் குத்து. வாயு என்று நினைத்து வீட்டில் இஞ்சிப் பிளேன்டி கொடுத்திருக்கிறார்கள். அவருக்கு இரண்டு மாதம். மூன்று மாதம் கழியும்வரை யாருக்கும் சொல்லாதே என்று உம்மா சொன்னதால் கிளினிக்கில் பதியவும் இல்லை. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் செய்தபோது கருப்பை வெறுமை, வயிற்றுக்குள் இரத்தம். கரு பலோப்பியன் குழாயில் தங்கி, குழாய் வெடித்திருந்தது. அன்றிரவே சத்திரசிகிச்சை. அல்ஹம்துலில்லாஹ், பிழைத்துவிட்டார்.

அந்த ஸ்கேன் எப்படி வந்தது என்று தேடிப் படித்தோம். அதைத்தான் எழுதுகிறோம்.

கருப்பைக்கு வெளியே கரு தங்குவதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஸ்பெயினின் கொர்டோபாவில் வாழ்ந்த அஸ்ஸஹ்ராவி தன் 'அத்தஸ்ரீப்' நூலில் பதிந்திருக்கிறார். ஒரு பெண்ணுக்குத் தொப்புளருகே வீங்கி, உடைந்து, சீழோடு எலும்பு வந்தது. வயிற்றில் ஏது எலும்பு என்று யோசித்தவர், அது உள்ளே இறந்துபோன சிசுவினது என்று விளங்கிக்கொண்டு மற்ற எலும்புகளையும் எடுத்தார். அந்தப் பெண் பிழைத்தார். அப்படிப் பிழைத்தவர்கள் மிகக் குறைவு.

1883 இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் லோசன் டெய்ட், வெடித்த குழாயை வெட்டியெடுத்துத் தாயைக் காப்பாற்றினார். ஆனாலும் வயிற்றைத் திறக்காமல் உள்ளே பார்க்க வழியில்லை.

வழி கிடைத்தது கிளாஸ்கோவில். அங்கே உலோகத்தில் வெடிப்பைக் கண்டுபிடிக்கக் கழியொலி பயன்பட்டது. (தரம் 11 பிள்ளைகளுக்குத் தெரியும்: 20,000 ஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி.) மகப்பேற்று வைத்தியர் இயன் டொனால்ட், 1955 இல் சத்திரசிகிச்சையில் எடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு கொதிகலன் தொழிற்சாலைக்குப் போய், அந்தக் கருவியில் வைத்துப் பார்த்தார். டொம் பிரவுண் என்ற இளம் பொறியியலாளர் கருவியை மனிதருக்கு ஏற்றதாக்கினார். 1958 இல் ஜோன் மக்விகாரும் சேர, மூவரின் கட்டுரை 'லான்செட்' சஞ்சிகையில் வந்தது.

ஆரம்பக் கர்ப்பம் அப்போதும் தெளிவாகத் தெரியவில்லை. 1963 அளவில் டொனால்ட், சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் அதனூடாகக் கருப்பை நன்றாகத் தெரிவதைக் கண்டார். "தண்ணி குடிச்சிட்டு வாங்க" என்று நம் பெண்களுக்குச் சொல்வது அதனால்தான்.

1980 களில் யோனி வழியாகச் செய்யும் ஸ்கேன் பரவியது. அதற்கு அந்தத் தண்ணீரும் தேவையில்லை, படமும் தெளிவு. இரத்தத்தில் எச்.சி.ஜி. ஹோர்மோன் போதிய அளவுக்கு ஏறியும் கருப்பை வெறுமையாக இருந்தால் வைத்தியர் குழாயைச் சந்தேகிப்பார். நாள் போதாவிட்டால் இரண்டு நாளில் திரும்ப வரச் சொல்வார். நம்மில் பலர் போகாமல் விடுவது இந்த இரண்டாம் தடவைதான். வெட்கமாக இருந்தால் பெண் ஒருவரைக் கூட நிற்கச் சொல்லிக் கேட்கலாம், தாராளமாக.

அந்தத் தங்கைக்குத் தோள்பட்டையிலும் வலி இருந்ததாம். வயிற்றில் கசியும் இரத்தம் பிரிமென்றகட்டை உறுத்தினால் வலி தோளில்தான் தெரியும். வீட்டில் தைலம் தடவியிருக்கிறார்கள்.