வாஞ்சியின் சட்டைப் பையில் இருந்த கடிதம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி வாசலில், என் நண்பர்கள் இருவர் ஆஷ் கொலையைப் பற்றி முகம் சிவக்கச் சண்டை போட்டார்கள். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டு, வாஞ்சிநாதன் தன்னையும் சுட்டுக்கொண்டு இறந்தார். 1908இல் தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தத்தையும் வ.உ.சி.யையும் ஒடுக்கியதற்குப் பழி என்றார் ஒருவர். அக்ரகாரத் தெரு வழியே ஒரு தலித் பெண்ணை ஆஷ் வண்டியில் ஏற்றிப்போனதே காரணம் என்றார் மற்றவர்.

வாஞ்சியின் சட்டைப் பையில் ஒரு கடிதம் இருந்தது. அதில் மில் இல்லை, கப்பல் இல்லை, அந்த வண்டியும் இல்லை. ஐந்தாம் ஜார்ஜைக் கொல்ல 3000 பேர் சபதம் செய்திருப்பதாக இருக்கிறது. நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டவர்கள் 14 பேர். சதியின் அளவை அதை நடத்தியவர்களே பெருக்கிச் சொல்லியிருக்கிறார்கள்.

விமர்சகன் என்ற முறையில் என்னை நிறுத்துவது 'பஞ்சமன்' என்ற சொல். ஐந்தாமவன் என்றுதான் அர்த்தம் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் மிலேச்சனும் மாட்டிறைச்சியும் பக்கத்திலேயே நிற்கும்போது, அது வெறும் எண்ணாக இருக்க முடியாது. நாட்டு விடுதலையும் ஜாதி வெறுப்பும் ஒரே கையெழுத்தில், ஒரே மூச்சில் வருகின்றன.

எழுத்தும் எண்ணும் ஒத்துப்போகாத செக்கை பாங்கில் நான் திருப்பிவிடுவேன். இந்தக் கடிதத்தைத் திருப்ப முடியாது. நண்பர்கள் இருவரும் ஆளுக்குப் பாதி கிழித்துக்கொண்டு போகிறார்கள். முழுதாக வாசிக்க இருவருக்குமே பயம், எனக்கும்தான்.