கானரியும் அது சுவாசித்த காற்றும்

அட்லாண்டிக் பெருங்கடலிலுள்ள கானரித் தீவுகள், மடீரா, அசோர்ஸ் ஆகியவற்றைத் தாயகமாகக் கொண்ட கானரி, காட்டு நிலையில் பச்சையும் மஞ்சளும் பழுப்புக் கீற்றுகளும் கலந்த, சிட்டுக்குருவியினும் சிறிய பறவையாகும். இன்று பலரும் அதன் இயல்பு நிறமாகக் கருதும் தூய மஞ்சள், வளர்ப்போர் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து இணைசேர்த்ததன் விளைவேயாகும். 15ஆம் நூற்றாண்டின் முடிவில் அத்தீவுகள் முழுமையாக ஸ்பானியர் வசமான பின் ஐரோப்பாவில் பரவிய இப்பறவையை, ஆல்ப்ஸ் மலைப்பகுதியின் இம்ஸ்ட் என்னும் ஊரைச் சேர்ந்த வணிகர்கள் கூண்டுகளை முதுகில் சுமந்து நாடு நாடாகச் சென்று விற்றனர்.

வளர்ப்புக் கலை உச்சம் தொட்ட இடம் ஜெர்மனியின் ஹார்ஸ் மலையிலிருந்த சாங்க்ட் ஆந்திரியாஸ்பெர்க் என்னும் வெள்ளிச் சுரங்க ஊராகும். சுரங்கக் கூலி குடும்பத்துக்குப் போதாத நிலையில் அங்கு கானரி வளர்ப்பு வீட்டுத் தொழிலாயிற்று. பெண்களும் சிறுவர்களும் சிறு மரக்கூண்டுகளைச் செய்ய, இளம் ஆண் பறவைகள் தேர்ந்த மூத்த ஆண் பறவையின் பாட்டைக் கேட்டுப் பழகுமாறு அருகருகே வைக்கப்பட்டன. அலகை ஏறக்குறைய மூடியபடியே தாழ்ந்த சுரத்தில் உருட்டிப் பாடும் ‘ஹார்ஸ் ரோலர்’ என்ற இனம் இவ்வாறு உருவாகி, 19ஆம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கில் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. பாடும் பறவையின் கவனம் சிதறாதிருக்க அதன் கூண்டை இருட்டடித்து வைப்பதும் இப்பயிற்சியின் ஒரு பகுதி. பாட்டுக்கு நல்ல விலை கிடைத்தது என்பதைத் தவிர அவ்வழக்கத்துக்கு வேறு நியாயம் கூற இயலாது.

விலையுள்ள பறவை என்பதால் அதன் நலத்திலும் அக்கறை மிகுந்தது. கடுகினத்து விதையே அன்றாடத் தீனியாக இருக்க, குஞ்சு வளர்க்கும் காலத்தில் மட்டும் அவித்த முட்டையை ரொட்டித்தூளுடன் பிசைந்து கொடுத்தனர். மரக்கூண்டுகளின் பெரும்பகை செவ்வுண்ணி ஆகும். பகலில் மர இடுக்குகளில் ஒளிந்திருந்து இரவில் மட்டும் வெளிவந்து இரத்தம் உறிஞ்சும் இச்சிற்றுயிரைப் பறவையின் உடலில் தேடிக் காண்பது அரிது. ஆகவே இரவில் கூண்டின்மேல் வெள்ளைத் துணியைப் போர்த்தி, விடிந்ததும் அதில் ஒட்டிய செம்புள்ளிகளைப் பார்த்து நோயின் காரணத்தை அறிந்தனர். தீனி, தூய்மை, குளிர்காற்று ஆகியவை குறித்து இவ்வளவு நுணுக்கமாக அறிந்திருந்த வளர்ப்போருக்கும், பறவை சுவாசிக்கும் காற்றின் நஞ்சைப் பற்றிய தெளிவு பிரிட்டிஷ் நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்தே வரவேண்டியிருந்தது.

1896 ஜனவரியில் வேல்ஸின் டைலர்ஸ்டவுன் சுரங்க வெடிப்பில் 57 பேர் மாண்டதை ஆராய்ந்த உடலியலறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேன், அவர்களுள் பெரும்பாலோரைக் கொன்றது வெடிப்பன்று, அதன்பின் பரவிய கார்பன் மோனாக்சைடு வாயுவே எனக் காட்டினார். நிறமும் மணமும் இல்லாத இவ்வாயு, இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் எளிதாகப் பிணைந்துவிடுகிறது. இதை மனிதருக்கு முன்னரே உணரும் சிற்றுயிர்களை உடன்கொண்டு செல்லுமாறு அவர் பரிந்துரைத்தார். எலியினும் கானரியே ஏற்றதெனத் தேறியதற்குக் காரணம், அது தள்ளாடிக் குச்சியிலிருந்து விழுவது மங்கிய விளக்கொளியிலும் கண்ணுக்குப் புலப்படும் என்பதே. பறவையின் நுரையீரலோடு இணைந்த மெல்லிய காற்றுப்பைகள், மூச்சை உள்ளிழுக்கையிலும் வெளிவிடுகையிலும் புதுக்காற்று நுரையீரலின் வழியே ஒரே திசையில் ஓடுமாறு செய்கின்றன. நெடுந்தூரம் பறக்க உதவும் இவ்வமைப்பே காற்றில் கலந்த நஞ்சையும் விரைவாக உடலுக்குள் சேர்த்துவிடுகிறது.

1911 முதல் பிரிட்டிஷ் சுரங்கங்களில் கானரி வைத்திருப்பது முறையான ஏற்பாடாயிற்று. அதற்கென அமைந்த கூண்டுகளுள் ஒருவகை உற்று நோக்கத்தக்கது: அதன் மேற்புறக் கைப்பிடியே ஒரு சிறு ஆக்சிஜன் உருளை; முன்புறத்தில் காற்று புகும் வட்டத் திறப்பு. பறவை சாய்ந்தவுடன் திறப்பை மூடி உருளையின் திருகைத் திறந்தால், அது பெரும்பாலும் உயிர் தெளிந்து எழும். பறவையைக் கருவியாக மட்டும் கருதியிருந்தால் இத்தகைய கூண்டுக்குத் தேவையே எழுந்திராது. தொழிலாளர்கள் அவற்றைச் சீழ்க்கையடித்துக் கொஞ்சி வளர்த்தனர் என்பதும் பதிவாகியுள்ளது. மின்னணுக் கருவிகள் வந்தபின், எஞ்சியிருந்த இருநூற்றுக்கும் மேற்பட்ட கானரிகளைப் படிப்படியாக விலக்கும் முடிவு 1986 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது.

இதற்குள் ஆபத்து வீட்டுச் சமையலறைக்குள்ளும் வந்துவிட்டிருந்தது. நான்ஸ்டிக் பாத்திரங்களின் ‘டெஃப்லான்’ பூச்சு அளவுக்குமீறிச் சூடேறும்போது எழும் புகை, கூண்டுப் பறவைகளைச் சில நிமிடங்களிலேயே கொல்லவல்லது என்பதைக் கால்நடை மருத்துவர்கள் 1970களில் பதிவு செய்தனர். மனிதருக்குப் பெரும்பாலும் காய்ச்சலோடு தணிந்துவிடும் அதே புகையே பறவைக்கு எமனாகிறது. கானரியாயினும் காதல் பறவையாயினும் இந்த உடலமைப்பு ஒன்றே என்பதால், பறவை வளர்ப்போர் கூண்டைச் சமையலறையிலிருந்தும், கொசுவத்தி, சாம்பிராணி புகையும் அறைகளிலிருந்தும் விலக்கிக் காற்றோட்டமுள்ள இடத்தில் வைப்பதே தகும்.