நிழற்சாலையை வரைந்தவர்கள்

ஓவியம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் உள்ளத்தில் தோன்றுவன கடவுளரின் திருவுருவங்களும், அரசர்களின் கொலுக் காட்சிகளுமே ஆகும். நாம் நாள்தோறும் நடக்கும் தெருவும், அதன் இருமருங்கிலும் நின்று நிழல் தரும் மரங்களும் ஓவியத்துக்குரிய பொருள்தாமோ என ஐயுறுவார் பலர். மேனாட்டிலும் இவ்வையம் நெடுங்காலம் நிலவியது. பிரெஞ்சு நாட்டுக் கலைக் கழகத்தார் புராண, வரலாற்றுக் காட்சிகளுக்கு முதலிடம் தந்து, இயற்கைக் காட்சிகளைப் பின்வரிசையில் வைத்தனர். சாதாரணத் தெரு ஒன்று சித்திரக் கூடத்தில் இடம் பெற்ற வரலாறு நம்மனோர் அறியத்தக்கது.

அவ்வரலாற்றில் முதலில் நினைக்கத்தக்கவர் ஹாலந்து நாட்டு மைண்டெர்ட் ஹாபெமா (1638–1709). இவர் 1668ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் நகரில், வந்திறங்கும் மதுப் பீப்பாய்களின் அளவைச் சரிபார்க்கும் உத்தியோகத்தில் அமர்ந்தார். அதன்பின் இவர் வரைந்தவை மிகச் சிலவே. ஆயினும், உத்தியோகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னர், 1689இல், மிடெல்ஹார்னிஸ் என்னும் சிற்றூருக்குச் செல்லும் சாலையை வரைந்தார். ஒல்லியாய் உயர்ந்த இரு வரிசை மரங்கள். இடையே வண்டித்தடம் பதிந்த மண்சாலை. நாயுடன் நடந்துவரும் ஒருவன். வலப்புறத் தோட்டத்தில் செடிகளைப் பேணும் மற்றொருவன். தொலைவில் கோயிற் கோபுரம். இவ்வளவே படம். இதனை வரைந்தவர் வறுமையில் மறைந்தார். படமோ 1871ஆம் ஆண்டு லண்டன் நேஷனல் காலரியை அடைந்து, இன்றும் அங்கே உள்ளது.

அக்காலத்து ஓவியர் வெளியிடங்களில் குறிப்புச் சித்திரங்கள் எடுத்துக்கொண்டு, வீட்டுக்குள் அமர்ந்தே தைல வர்ணப் படங்களை முடித்தனர். வர்ணப் பொடியை எண்ணெயில் அரைத்துக் குழைக்க வேண்டும். எஞ்சியதைப் பன்றியின் நீர்ப்பையில் கட்டி வைக்க வேண்டும். ஊசியால் துளையிட்டுப் பிதுக்கிய பின் அதனைச் செவ்வையாக மூடுதல் அரிது. வர்ணம் விரைவில் காய்ந்துவிடும். இத்தொல்லையை நீக்கியவர் ஜான் கோஃப் ராண்ட் என்னும் அமெரிக்க ஓவியர். லண்டனில் வாழ்ந்த அவர், 1841இல், திருகு மூடி கொண்டு மூடத்தக்க வெள்ளீயக் குழாயைக் கண்டுபிடித்தார். வர்ணப்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு எங்கும் செல்லலாம் என்ற நிலை ஏற்பட்டது. அதே காலத்தில் புகைவண்டிப் பாதைகளும் பெருகின. பாரிஸ் நகரிலிருந்து ஃபோன்டேன்புளோ வரை 1849இல் ரெயில் ஓடத் தொடங்கியதும், அக்காட்டின் ஓரத்திலுள்ள பார்பிஸான் சிற்றூருக்கு ஓவியர் எளிதில் சென்றுவரலாயினர்.

இவ்விரு வசதிகளையும் நன்கு பயன்படுத்திக்கொண்டவர் கமில் பிஸ்ஸாரோ (1830–1903). மேற்கிந்தியத் தீவுகளில் அந்நாள் டென்மார்க்குக்கு உரியதாயிருந்த செயின்ட் தாமஸில் பிறந்து, பிரான்சில் வாழ்ந்து, இறுதிவரை டேனிஷ் பிரஜையாகவே இருந்தவர். பாரிஸுக்கு அணித்தான லூவ்சியென் என்னும் ஊரில் குடியிருந்து, அதன் மரஞ்சூழ் சாலைகளை மழையிலும் பனியிலும் வெயிலிலும் வரைந்துவந்தார். 1870இல் பிரெஞ்சு–பிரஷ்யப் போர் மூண்டது. குடும்பத்துடன் அவர் லண்டன் சென்று, தென்புறத்து நார்வுட் பகுதியில் தங்கினார். விட்டுவந்த வீட்டில் பிரஷ்யச் சிப்பாய்கள் புகுந்தனர். பல ஆண்டு உழைப்பின் பயனான படங்களிற் பெரும்பகுதி அழிந்தது. சேற்றில் கால் படாதிருக்க அவற்றைத் தரையில் விரித்து மிதித்தனர் என்றும் கூறுவர்.

அந்நிய நாடு, அந்நிய மொழி, ராயல் அகாடமியோ அவர் படங்களை ஏற்கவில்லை. அந்நிலையிலும் அவர் சோர்ந்து அமர்ந்தாரல்லர். 1871ஆம் ஆண்டு வசந்தத்தில், ஸிடென்ஹாம் பகுதியின் அகன்ற சாலையொன்றை வரைந்தார். இளந்தளிர் விட்ட மரங்கள், அவற்றின் பின்னே குடியிருப்பு வீடுகள், நடுவே மாதாகோயில், மேலே மேகங்கள் மிதக்கும் வானம் ஆகியவற்றை உள்ளது உள்ளவாறே தீட்டினார். அதே ஆண்டில், அண்மையிலுள்ள லார்ட்ஷிப் லேன் ரெயில்நிலையத்தையும், வண்டியொன்று புறப்பட்டு வரும் தோற்றத்தில் வரைந்தார். அந்த ரெயில் பாதை 1954இல் மூடப்பட்டது. நிலையமும் இன்று இல்லை. அது இருந்த கோலத்தை இன்றும் வண்ணத்தில் காட்டுகிறது அப்படம்.

பிரான்சுக்குத் திரும்பிய பிஸ்ஸாரோ, 1874இல் நண்பர்களுடன் தனிக் கண்காட்சி நடத்தினார். அது முதல் 1886 வரை நடந்த எட்டுக் கண்காட்சிகளிலும் தவறாது கலந்துகொண்டவர் அவர் ஒருவரே. ஸிடென்ஹாம் சாலைப் படத்தை 1984இல் நேஷனல் காலரி விலைக்கு வாங்கியது. ஹாபெமாவின் சாலையும் பிஸ்ஸாரோவின் சாலையும் இப்போது ஒரே சித்திரக் கூடத்துக்கு உரியவை.

பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்பின் பொருட்டு வந்து குடியேறிய நமக்கு இவ்வரலாறு ஒன்றை உணர்த்துகிறது. வந்த ஊரை வெறும் தங்குமிடமாக எண்ணிக் கண்மூடி நடப்போமாயின், முப்பதாண்டு வாழ்ந்தாலும் அவ்வூர் நமக்கு அந்நியமே. ஆறு மாதமே தங்கிய பிஸ்ஸாரோ அச்சாலையின் மரங்களைக் கிளை கிளையாகப் பார்த்தார்; அதனால் அச்சாலை அவருடையதாயிற்று. நம் காலனியின் வேம்புகளும் நாவல் மரங்களும் என்றும் நிற்குமென்று உறுதி கூற இயலாது. சாலை அகலமாகுந்தோறும் மரங்கள் சாய்கின்றன. சித்திரத்தில் விருப்பமுள்ள நம் சிறுவர் சிறுமியர், விடுமுறைக் காலைகளில் தாளும் வர்ணமும் ஏந்தித் தெருவோரம் அமர்வாராக. பெற்றோர், “படிப்பு என்னாவது?” என்று தடுக்காதிருப்பாராக. அவ்வாறு தீட்டிய படங்கள் அடுத்த ஆண்டு மலரை அணிசெய்யுமாயின், நம் சங்கத்துக்கு அதனினும் பெருமை வேறில்லை.