அஞ்சு வேத பொஸ்தகம்

திருவண்ணாமலையில் ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தால், டென்மார்க்கின் பெயரைச் சுமந்து நிற்கும் ஒரு பள்ளிக்கூடத்தையும் பார்க்கலாம். டேனிஷ் மிஷன் பள்ளி என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அண்ணாமலையார் ஊரில் டென்மார்க்குக்கு என்ன வேலை என்று அந்த ஊர்க் கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டார். கூடவே இன்னொன்றும் கேட்டார்: “கிறிஸ்தவம் எப்படித் தொடங்கியதுன்னு தெரிஞ்சுக்க முதல்ல எதைப் படிக்கலாம் சார்?” இரண்டு கேள்விக்கும் பதில், 1714இல் தரங்கம்பாடியில் அச்சான ஒரே புத்தகத்தில் இருக்கிறது.

‘அஞ்சு வேத பொஸ்தகம்’ என்பது அதன் பெயர். மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்னும் நான்கு சுவிசேஷங்களோடு, இயேசுவின் சீடர்கள் எருசலேமிலிருந்து கிளம்பி ஊர் ஊராகப் போன கதையான அப்போஸ்தலருடைய நடபடிகள் ஐந்தாவது.

டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடரிக் அனுப்பிய சீகன்பால்கு என்ற ஜெர்மானிய இளைஞர், தோழர் புளூட்சாவோடு 1706 ஜூலை 9இல், அப்போது டேனியர் வசம் இருந்த தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 23. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். இரண்டே ஆண்டில் தான் சேர்த்த தமிழ் நூல்களுக்குப் பட்டியல் எழுதும் அளவுக்கு வளர்ந்துவிட்டார். 1708 அக்டோபர் 17இல் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கினார். அடுத்த மாதமே டேனிஷ் தளபதியோடு தகராறு. நாலு மாதம் கோட்டைச் சிறை. வெளியே வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, 1711 மார்ச்சில் முடித்தார்.

எழுதி முடித்தாயிற்று, அச்சிடுவது எப்படி? தமிழ் அச்சு ஏற்கெனவே ஒருமுறை பிறந்திருந்தது. 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற 16 பக்கச் சிறுநூல் வந்தது. பிறகு அந்தக் கலை ஏறக்குறைய அணைந்துபோனது. லண்டனில் இருந்த எஸ்.பி.சி.கே. என்ற கிறிஸ்தவ அறிவு பரப்பும் சங்கம் ஓர் அச்சு இயந்திரத்தையும் அதை ஓட்ட ஓர் ஆளையும் அனுப்பியது. வழியில் கப்பல் பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கியது. அச்சாளர் கரை காணாமலே இறந்தார். இயந்திரம் மட்டும் வந்து சேர்ந்தது.

ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இல் வந்தன. தமிழ் பேசாத ஊரில் உருவான எழுத்துகள். அளவும் மிகப் பெரிது. அவற்றைக் கோத்தால் காகிதம் போதாது. ஆகவே ஆட்லர் என்ற கைவினைஞர் இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார். ஈயத்துக்கு? இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி வந்த பெட்டிகளின் ஈய மூடிகளை உருக்கினார்களாம். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். பொறையாற்றில் பிற்பாடு காகித ஆலையும் வந்தது. 1715இல் புதிய ஏற்பாடு முழுதும் அச்சேறியது. இந்திய மொழி எதிலும் அதற்கு முன் அது வந்ததில்லை.

பெயரில் இருக்கும் ‘வேதம்’ சீகன்பால்கு கண்டுபிடித்த சொல்லாட்சி அல்ல. கத்தோலிக்கக் குருமார் அவருக்கு முன்பே அப்படித்தான் எழுதினார்கள். ‘வேதக்கோயில்’, ‘வேதக்காரர்’ என்று கிராமத்தில் இன்றும் காதில் விழுகிறது. அயலிலிருந்து வந்த ஒன்றுக்கு, தான் மிக உயர்வாக வைத்திருந்த சொல்லையே தமிழ் கொடுத்தது.

சீகன்பால்கு 1719இல், 36 வயதில் இறந்தார். தாம் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே அடக்கமானார். 1845இல் டென்மார்க் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றது. ஆனாலும் 1860களில் டேனிஷ் மிஷனரிகள் மறுபடி வந்து, இம்முறை ஆற்காட்டு மாவட்டப் பக்கம் வேலை தொடங்கினார்கள். அந்தக் கிளை நீண்டுதான் திருவண்ணாமலையில் பள்ளிக்கூடம் ஆனது.

மாணவருக்கு நான் சொன்ன வரிசை இது. முதலில் லூக்கா, உடனே நடபடிகள். இரண்டையும் எழுதியவர் ஒருவரே, இரண்டும் தெயோப்பிலு என்பவருக்கே எழுதப்பட்டவை. பிறகு, நடபடிகளில் வரும் பவுலின் கடிதங்கள். அவற்றில் பல கி.பி. 50களில் எழுதப்பட்டவை, சுவிசேஷங்களைவிடப் பழையவை; சண்டையும் கவலையும் பண வசூலும் அப்படியே கிடக்கும். அதற்கப்புறம் வெளியாள் பார்வைக்கு, ரோம ஆளுநர் பிளினி ஏறத்தாழ 112இல் பேரரசர் திராஜனுக்கு எழுதிய கடிதம். கிறிஸ்தவர்களை என்ன செய்வதென்று தெரியாமல் யோசனை கேட்கிறார் மனுஷர். நாலாம் நூற்றாண்டு யூசேபியுவின் திருச்சபை வரலாறு கடைசியில்.

ஒரு வாரம் கழித்து அவர் போன் செய்தார். நடபடிகளை முடித்துவிட்டாராம். “என்ன சார், பவுல் ரோமாபுரியில வாடகை வீட்டுல ரெண்டு வருஷம் இருந்தார்னு சொல்லிட்டு நிறுத்திட்டாங்க. அப்புறம் என்ன ஆச்சு?”

கடிதங்களை எடுக்கச் சொன்னேன்.