இன்டெல் லப்டொப்புக்குள் ஏன் ஏஎம்டியின் பெயர்?

இன்டெல் சிப் உள்ள லப்டொப்புக்கு உபுண்டு பதிவிறக்கினாலும் கோப்பின் பெயரில் 'ஏஎம்டி64' எண்டுதான் இருக்கும். போட்டிக் கம்பனியின் பெயர் அங்க எப்படி வந்தது?

1990களில் 32 பிட் சிப்புகளுக்கு முன்னால் ஒரு சுவர் தெரியத் தொடங்கியது. ஒரு நிரலால் 4 ஜிபிக்கு மேல் நினைவகத்தை நேரடியாக எட்ட ஏலாது. பெரிய தரவுத்தளங்களுக்கு இது காணாது. 1994இல் இன்டெலும் எச்பியும் கூட்டுச் சேர்ந்து, பழைய எக்ஸ்86 வழியை விட்டு, முற்றிலும் புதிய 64 பிட் சிப் ஒண்டைத் திட்டமிட்டன. அதுதான் இட்டேனியம். எந்தெந்தக் கட்டளைகளைச் சேர்த்து ஓட்டலாம் எண்டு சிப் யோசிக்காது, கொம்பைலர் முன்கூட்டியே பிரிச்சுக் குடுக்கும். கேட்க அழகான யோசனைதான். 2001இல் சிப் வந்தபோதோ, அப்படியொரு கொம்பைலரை எழுதுவது லேசில்லை எண்டு தெரிந்தது. அதைவிடப் பெரிய தலையிடி, வாடிக்கையாளர்கள் ஏற்கெனவே காசு குடுத்து வாங்கின எக்ஸ்86 மென்பொருள்கள் அதில் ஆமைபோல ஊர்ந்தன.

ஏஎம்டி எக்ஸ்86ஐயே 64 பிட்டுக்கு நீட்டி, 2003இல் ஒப்டெரொன் சிப்பை இறக்கியது. பழைய நிரல்கள் அதே வேகத்தில் ஓடும், புதியதுக்கு ஆறுதலாக மாறலாம். மைக்ரோசொப்டும் லினக்ஸ்காரரும் அந்தப் பக்கம் வர, 2004இல் இன்டெலே ஏஎம்டியின் வழியைத் தன் சிப்புகளில் சேர்த்தது. 2005இல் விண்டோஸ் எக்ஸ்பியின் இட்டேனியம் பதிப்பு நிண்டுபோனது.

'பாத்தீங்களா, சந்தை சரியானதைத் தெரிவுசெய்யும்' எண்டு இந்தக் கதையைச் சொல்லுற ஆக்கள் இருக்கினம். எங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஏனெண்டால் தோத்த சிப் உடனே சாகேல்லை. 2010இல் மைக்ரோசொப்ட், 2011இல் ஒரக்கிள் எண்டு மென்பொருள் கம்பனிகள் ஒவ்வொண்டாகக் கைவிட்டன. எச்பி ஒரக்கிள் மேல் வழக்குப் போட்டது. அந்த வழக்கில்தான் ஒரு விசயம் வெளிவந்தது: இட்டேனியத்தைத் தொடர்ந்து செய்வதற்காக எச்பி இன்டெலுக்குச் சுமார் 690 மில்லியன் டொலர் தர உடன்பட்டிருந்தது. எச்பியின் பெரிய சேர்வர்களில் தங்கட வேலைகளைக் கட்டிவைத்த நிறுவனங்கள் சட்டெண்டு வெளியேற ஏலாது. அவர்களுக்காகத்தான் அந்தச் செலவு. பழைய மென்பொருளின் பாரம்தான் இட்டேனியத்தை வீழ்த்தியது, அதே பாரம்தான் அதை இழுத்தும் வைத்திருந்தது.

2016இல் நடுவர் குழு எச்பி தரப்புக்கு 3 பில்லியன் டொலர் இழப்பீடு தரச் சொன்னது. கடைசி இட்டேனியம் சிப்புகள் 2021 யூலையில் அனுப்பப்பட்டன.