கம்பளியிலிருந்து எலும்புக்கு

மருந்துக்கடையில் ‘வைட்டமின் டி பவுடர்’ என்று வாங்குகிறோமே, அந்த மருந்தின் பூர்வீகம் பெரும்பாலும் செம்மறியாட்டு ரோமம். கம்பளியைக் கழுவும்போது பிரியும் கொழுப்பிலிருந்து கொலஸ்டிராலை எடுத்து, சற்றே மாற்றி, அதன்மேல் புற ஊதா ஒளியைப் பாய்ச்சினால் வைட்டமின் டி3 பிறக்கிறது. வெயில் படும்போது நம் தோலில் நடப்பதும் இதுவே.

1919இல் பெர்லின் மருத்துவர் கூர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி, எலும்பு மென்மையாகும் ரிக்கெட்ஸ் நோய் கண்ட குழந்தைகளைப் பாதரச விளக்கொளியில் வைத்துக் குணப்படுத்தினார். ஒரு கையில் மட்டும் ஒளி பட்டாலும் மறு கையின் எலும்பும் சேர்ந்து தேறியது! தோலில் உண்டாகும் ஏதோ ஒன்று ரத்தத்தில் ஏறிப் பயணிக்கிறது என்பதற்கு அதைவிட அழகான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

பாக்கெட்டில் 60,000 யூனிட் என்று இருக்கும். எடையில் அது வெறும் 1.5 மில்லிகிராம், மற்றதெல்லாம் சர்க்கரை போன்ற துணைப்பொருள். கொழுப்போடு சேர்ந்தால்தான் நன்றாக உடலில் சேரும் என்பதால் பாலில் கலந்தோ சாப்பாட்டுக்குப் பின்னோ குடிக்கச் சொல்கிறார்கள். குடலிலிருந்து கல்லீரலுக்குப் போய் அங்கே ஒரு மாற்றம்; ரத்தப் பரிசோதனையில் அளப்பது அந்த வடிவத்தைத்தான். பிறகு சிறுநீரகத்தில் இன்னொரு மாற்றம். அதன்பின்தான் உணவிலுள்ள கால்சியத்தைக் குடல் தாராளமாக உறிஞ்சுகிறது.

எலும்பு ஓயாமல் புதுப்பிக்கப்படுகிறது. முதலில் புரதச் சட்டகம், பிறகு அதன்மேல் கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்து இறுகும். வைட்டமின் டி இல்லாவிட்டால் சட்டகம் இறுகாமலே நின்றுவிடும். பெரியவர்களுக்கு வரும் இந்த எலும்பு மென்மைதான் ஆஸ்டியோமலேசியா. இடுப்பிலும் தொடையிலும் விடாத வலி, கையூன்றாமல் தரையிலிருந்து எழ முடியாமை, அசைந்தாடும் நடை. வெயில் முகமே பார்க்காமல் வேலை செய்யும் பெண்கள் பலர் இதை வாதம் என்று நம்பித் தைலம் தேய்த்தே ஆண்டுகளைக் கழிக்கிறார்கள். வைட்டமின் டி, கால்சியம், பாஸ்பேட், ஆல்கலைன் பாஸ்படேஸ் பரிசோதனைகளும் ஓர் எக்ஸ்ரேயும் பெரும்பாலும் உண்மையைச் சொல்லிவிடும். சிகிச்சை தொடங்கினால் வலி சில வாரங்களில் குறையத் தொடங்கும். எலும்பு முழுதாக இறுகப் பல மாதம் ஆகலாம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். இந்த பாக்கெட் பொதுவாக வாரத்துக்கு ஒன்று, அதுவும் மருத்துவர் சொன்ன வாரங்களுக்கு மட்டும். தினமும் குடித்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, குழப்பம், சிறுநீரகச் சேதம் வரை போகும். கேழ்வரகு, பால், நெத்திலி என்று கால்சியமும் கூடவே வேண்டும். சிறுநீரக நோயோ, வலிப்பு மாத்திரையோ இருந்தால் முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.